விடுதியில் நள்ளிரவு, நண்பன் "இருக்கவே பிடிக்கலை" என்கிறான்: யாரைக் கூப்பிடுவது?

மூணாம்வருஷம் | 14.9.2025, இரவு 11.52

பொறியியல் கல்லூரி விடுதி. அறைத்தோழன் ரெண்டு வாரமா வகுப்புக்கு வரலை, மெஸ்ஸுக்கும் சரியா வர்றதில்லை. இன்னிக்கு ராத்திரி "இருந்து என்ன ஆகப்போகுது, எல்லாருக்கும் பாரம்"னு சொன்னான். கல்லூரி கவுன்சலர் வாரத்துல ரெண்டு நாள், அதுவும் பகல்ல மட்டும். வார்டன்கிட்ட சொன்னா வீட்டுக்குப் போன் போயிடும்னு பயப்படறான். எனக்கு ரெண்டு கேள்வி. "சாகணும்னு தோணுதா"ன்னு நேரா கேக்கலாமா, கேட்டா இல்லாத எண்ணத்தை நானே கிளப்பின மாதிரி ஆயிடுமா? இந்த நேரத்துல யாரைக் கூப்பிடறது?

மனநலச்சமூகப்பணி | 15.9.2025, 12.04

கேளுங்க. கேட்கறதால அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தா, ஒருத்தர்கிட்ட சொல்ல முடிஞ்சதேங்கிற ஆசுவாசம்தான் வரும். "தப்பா எதுவும் யோசிக்கலையே?"ன்னு மட்டும் கேட்காதீங்க. அந்தக் கேள்விக்குள்ளயே "இல்லைன்னு சொல்லு"ங்கிற கெஞ்சல் இருக்கு, அவரும் இல்லைன்னுதான் சொல்வார்.

இந்த வரிசையில் கேளுங்க: "செத்துப்போகணும்னு தோணுதா?" ஆமான்னா, "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" அடுத்து "எப்போன்னு முடிவு பண்ணியிருக்கியா?" கடைசியா "அதுக்கான பொருள் இப்ப உன்கிட்ட இருக்கா?" ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. அரை நிமிஷம் மௌனமா இருந்தாலும் நடுவுல பேசாதீங்க.

எண்ணம் இருக்கு, திட்டம் இல்லைன்னா: தனியா விடாதீங்க, இப்பவே அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்க, காலையில மனநலப் பிரிவு ஓ.பி. திட்டம் இருக்கு, நாள் குறிச்சாச்சு, பொருள் கையில இருக்கு, இதுல ஏதாவது ஒண்ணு ஆமான்னா காலைக்குக் காத்திருக்கக் கூடாது. 108, இல்லைன்னா ஒரு ஆட்டோ, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோட அவசரப் பிரிவு. வார்டனையும் எழுப்பணும். அப்ப வீட்டுக்குத் தெரிஞ்சிடுமேங்கிற யோசனை இரண்டாம் பட்சம்.

மனநலச்சமூகப்பணி | 15.9.2025, 12.11

முன்னாடி எழுத விட்டுப்போனது. ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தா, "ஒண்ணும் பண்ணலை, நல்லாத்தான் இருக்கேன்"னு அவர் சொன்னாலும் மருத்துவமனைதான். சில மாத்திரைகள் முதல் நாள் ஒண்ணுமே காட்டாது. ஈரல் கெட ஆரம்பிக்கறது ரெண்டாம், மூணாம் நாள்தான் வெளியே தெரியும். விஷமுறிவு மருந்து முதல் சில மணி நேரத்துக்குள்ள கொடுத்தாத்தான் நல்லா வேலை செய்யும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி கொடுக்காதீங்க. காலி அட்டை, பாட்டில் எது கிடைச்சாலும் கையோட எடுத்துட்டுப் போங்க. டாக்டருக்கு முதல்ல தெரிய வேண்டியது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குங்கிறதுதான்.

மூணாம்வருஷம் | 15.9.2025, 12.38

கேட்டேன். எண்ணம் இருக்காம், திட்டம் இல்லைன்னான். அழுதான். 14416 போட்டா என்ன கேப்பாங்க? அவன் பேச மாட்டேங்கறான்.

மனநலச்சமூகப்பணி | 15.9.2025, 12.45

நீங்க பேசுங்க. நண்பருக்காகவும் கூப்பிடலாம். அது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர்ல தொடங்கினது, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. நம்ம மாநிலத்துல "நட்புடன் உங்களோடு மனநல சேவை"ங்கிற பேர்ல நடக்குது. முதல்ல பதிவு செஞ்ச குரல்ல மொழி கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுங்க. அடுத்து பயிற்சி பெற்ற ஆலோசகர் வருவார். அவரால முடியாத அளவுக்கு இருந்தா இரண்டாம் நிலையில இருக்கற மனநல நிபுணர்கிட்ட மாத்துவாங்க. வயசு, ஊர், இப்ப அவர் தனியா இருக்காரா, முன்னாடி முயற்சி செஞ்சிருக்காரா, மருந்து எதுவும் சாப்பிடறாரான்னு கேட்பாங்க.

முதல் வாக்கியத்துலயே விஷயத்தைச் சொல்லிடுங்க: "என் அறைத்தோழனுக்கு வயசு 20, சாகணும்னு தோணுதுன்னு சொல்றான், இப்ப என் பக்கத்துல இருக்கான், திட்டம் இல்லைங்கறான்." அப்புறம் ஸ்பீக்கர்ல போட்டு அவர் பக்கத்துல வைங்க. பத்து நிமிஷம் கேட்டுட்டு இருந்தவங்க பல நேரம் தானா பேச ஆரம்பிப்பாங்க.

நான்கு இலக்க எண் மாதிரிச் சின்ன எண்கள் சில போன்ல போகாது. அப்ப 1800 891 4416. சென்னையில இருக்கற சிநேகாங்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்போட எண் 044 24640050. அது 1986-ல டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் தொடங்கினது. அங்க தன்னார்வலர்கள் பேசுவாங்க, அறிவுரை சொல்லாம கேட்பாங்க. அரசு மருத்துவ உதவி எண் 104-லயும் ஆலோசனை கிடைக்கும். ஒரு எண் பிஸின்னா அடுத்ததைப் போடுங்க. முதல் எண் கிடைக்காததும் "யாருமே எடுக்கலை பாத்தியா"ன்னு அவர் மனசு விட்டுடக் கூடாது. அதனால எண்ணை நீங்களே போட்டு, ஆள் வந்ததும் போனைக் கொடுங்க.

திருத்தம்: 14416 ஐந்து இலக்கம். தூக்கக் கலக்கத்துல நான்குன்னு எழுதிட்டேன்.

பழையவார்டன் | 15.9.2025, காலை 6.20

யாரும் சொல்லாத ஒன்று. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உனக்குத் தெரியாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் உயிர் விஷயம் என்றால் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். முதல் சத்தியத்தைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் தூங்காமல் காவல் இருந்த பையன்களும் நான்காம் நாள் தூங்கத்தான் செய்வார்கள். மூன்று பேராவது முறை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரண்டு மணி நேரம் போதும்.

விடுதி அறையில் தனிக் கட்டில் என்றால் அவனை மற்றவர்கள் இருக்கும் அறைக்கு மாற்றுங்கள். காரணம் கேட்டால் "காய்ச்சல்" என்று சொன்னால் போதும். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு இல்லையென்றால் இன்றே வார்டனிடம் கேளுங்கள். அதற்குப் பெயர் எதுவும் சொல்லத் தேவையில்லை.

மனநலச்சமூகப்பணி | 15.9.2025, காலை 7.05

ஓ.பி. பத்தி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலத் துறை இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்துல மாவட்ட மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருப்பார். சென்னைன்னா கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1794-ல தொடங்கின நிறுவனம். ஆனா முதல் தடவைக்கு அங்கதான் போகணும்னு இல்லை, பொது மருத்துவமனையோட மனநலப் பிரிவே போதும். அந்தப் பேரைக் கேட்டு மிரள்றவங்களுக்கு அதுவே வசதியும்கூட. எட்டு மணிக்கு முன்னாடி வரிசையில நில்லுங்க. ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை. முதல் நாள் அரை நாள் போயிடும், தண்ணி, பிஸ்கட் எடுத்துட்டுப் போங்க.

பெரும்பாலும் தவறிப்போறது உள்ளே போன முதல் ரெண்டு நிமிஷத்துல. வெளியே ஐம்பது பேர் நிக்கறாங்க. டாக்டர் "என்ன பிரச்சனை?"ன்னு கேட்பார். மாணவர் "தூக்கம் வரலை சார், கொஞ்சம் டென்ஷன்"ம்பார். தூக்கத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பிடுவாங்க. இருக்கறதுல முக்கியமான வாக்கியம் வாய்க்குள்ளயே நின்னுடும். அதனால ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுங்க: "மூணு வாரமா சாகணும்னு தோணுது. ராத்திரி மூணு மணி வரைக்கும் தூக்கமில்லை. சாப்பாடு பாதி. வகுப்புக்குப் போகலை." அதை டாக்டர் மேசையில வச்சாப் போதும், வாய் திறக்கணும்னு இல்லை. நீங்களும் உள்ளே போகணும்னா, "இவரும் இருக்கட்டும்"னு அவரே சொல்லணும்.

சீட்டோட பின்பக்கம் இப்ப எடுக்கற மாத்திரை எல்லாம் எழுதுங்க. பரீட்சைக்கு முழிக்க வாங்கினது, இருமல் மருந்து, குடி, கஞ்சா எதையும் மறைக்க வேண்டாம். போலீஸுக்குச் சொல்ல டாக்டர் கேட்கலை, கொடுக்கற மருந்தோட எது மோதும்னு பார்க்கத்தான் கேட்கறார். தைராய்டு, ஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனை எழுதினா எடுத்துடுங்க. ரெண்டும் குறைஞ்சாலும் இதே மாதிரி சோர்வு வரும்.

கருப்புக்கோட்டு | 16.9.2025, மாலை 5.40

"ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகும்" என்ற பயத்தால் தாமதிப்பவர்கள் நிறைய. சட்டம் மாறி வெகுநாளாயிற்று. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115: உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், வழக்குத் தொடரக் கூடாது, அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை.

தனியார் மருத்துவமனை "இது சட்டச் சிக்கல், அரசு மருத்துவமனைக்குப் போங்கள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது. முதலுதவி செய்து நிலைப்படுத்துவது கடமை என்று பரமானந்த் கடாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனநல மருத்துவர் காலையில்தான் வருவார் என்பதும் காரணமாகாது. பிரிவு 94-இன்படி பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசரச் சிகிச்சையைத் தொடங்கலாம், 72 மணி நேரம் வரை.

கருப்புக்கோட்டு | 16.9.2025, இரவு 9.15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்ப போலீஸே வராதா" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். என் வாக்கியம் அப்படி ஒரு எண்ணத்தைக் கொடுத்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். முயற்சி நடந்திருந்தால் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்வதில், எழுதுவார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். காவலர் வந்து வாக்குமூலம் கேட்கலாம். அது பதிவு, தண்டனை வழக்கு அல்ல. யாராவது தூண்டினார்களா, ராகிங்கா என்று பார்ப்பதற்காக. அந்த நேரம் நண்பர்கள் பதறி முன்னுக்குப் பின் பேச வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். எண்ணம் மட்டும் இருந்து ஓ.பி.க்குப் போகிறவருக்கு இது எதுவுமே கிடையாது.

ரகசியம் பற்றி: பிரிவு 23. சிகிச்சை விவரத்தைக் கல்லூரிக்குச் சொல்ல மருத்துவமனைக்கு உரிமையில்லை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகள் உண்டு. 18 நிறைந்தவர் தன் விருப்பத்தில் தானே சேரலாம், பிரிவு 86, பெற்றோர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. இன்னொன்று, அநேகருக்குத் தெரியாதது: 18 வயது ஆன யாரும், சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் குறிப்பிடலாம், பிரிவு 14. அவரும் 18 நிறைந்தவராக இருந்து சம்மதத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அறைத்தோழனாகவும் இருக்கலாம்.

மனநலச்சமூகப்பணி | 17.9.2025, காலை 6.50

சட்டம் அப்படி. வார்டுல நடைமுறை என்னன்னா, அட்மிஷன்னா கூட ஒரு அட்டெண்டர் இருக்கணும்னு கேட்பாங்க. ராத்திரி மாத்திரை வாங்க, சாப்பாடு வாங்க ஆள் வேணும். நண்பர்கள் அட்டவணை போட்டுட்டு வந்தா அந்தப் பேச்சே எழாது. இல்லைன்னா "வீட்ல இருந்து யாராவது வரட்டும்"ங்கிற இடத்துல நிக்கும்.

முதலாம் ஆண்டுல 17 வயசுப் பசங்க இருக்காங்க. அவங்களுக்கு வக்கீல் சார் சொன்ன 86 பொருந்தாது, பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேணும். ஆனா 14416-ல பேச வயசு தடையில்லை.

பழையவார்டன் | 21.9.2025

வருகைப் பதிவு. இதுதான் பையன்களைச் சிகிச்சையிலிருந்து பாதியில் இழுத்து வருவது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவச் சான்றோடு சலுகை உண்டு. 65-க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டியதாகிவிடும். ஆகவே சதவீதம் 70-ஐத் தொடும்போதே துறைத்தலைவரைப் பாருங்கள், 64-இல் போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய இயலாது. தேர்விலிருந்து விலகவும், தற்காலிகமாகப் படிப்பை நிறுத்தவும் விதியில் இடமுண்டு. இரண்டுக்கும் முன்கூட்டியே விண்ணப்பம் வேண்டும், தேர்வு முடிந்தபின் கொடுத்தால் செல்லாது. மற்ற பல்கலைக்கழகங்களில் எண்கள் வேறு, உங்கள் ஆண்டின் விதிநூலைப் பாருங்கள்.

சான்றில் நோயின் பெயர் இருக்கத் தேவையில்லை. "என் சிகிச்சையில் இருக்கிறார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு தேவை" போதும்.

பழையவார்டன் | 22.9.2025

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. நோயின் பெயர் இல்லாவிட்டாலும் முத்திரையில் மனநலத் துறை என்று இருக்கும். அலுவலக எழுத்தர் மேசையில் அது நாலு பேர் கண்ணில் படும். மூடிய உறையில், துறைத்தலைவர் கையில் நேராகக் கொடுங்கள். நகல் ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். உறை தொலைந்து பருவமும் தொலைவது நடக்கிற காரியம்.

மூணாம்வருஷம் | 24.9.2025

மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வாரம். ஒண்ணும் மாறலைங்கறான், வயித்தைப் பிரட்டுதாம். நிறுத்திடறேன்கறான். அடிமையாக்கிடும்னு வேற யாரோ சொல்லியிருக்காங்க.

மனநலச்சமூகப்பணி | 24.9.2025

மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. ரெண்டுலேருந்து நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். தொந்தரவு முதல்ல வரும், பலன் பின்னாடி வரும். வயித்துப்பிரட்டல் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கும், சாப்பிட்ட பிறகு போடறது உதவும். தூக்கம் கெடுதுன்னா காலையில போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

அடிமையாக்கறது இந்த வகை இல்லை. ஆனா திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், தலைக்குள்ள ஷாக் அடிக்கற மாதிரி உணர்வு, எரிச்சல் வரும். குறைச்சுக் குறைச்சுத்தான் நிறுத்தணும். பழக்கமாக்கற சக்தி உள்ளது, ஆரம்பத்துல சில நாளைக்குன்னு எழுதிக் கொடுக்கற தூக்க, பதற்ற மாத்திரைகள். அதை எழுதின நாளுக்கு மேல கடையில கேட்டு வாங்கக் கூடாது.

இதைத் தனியாப் படிங்க: 25 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு முதல் சில வாரத்துல தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்காவுல இந்த மாத்திரைகளோட மருந்துத் தகவல் தாள்ல கறுப்புக் கட்டத்துல எச்சரிக்கை போட வச்சிருக்காங்க. 2004-ல சிறுவர்களுக்கு, 2007-ல 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. அதுக்காக மருந்தே வேண்டாம்னு அர்த்தமில்லை, அந்த வாரங்கள்ல கூடவே இருங்கன்னு அர்த்தம். உக்கார முடியாத பதற்றம், தூக்கமே இல்லாம ஒரு வேகம் வந்தா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போங்க.

ஒரு மாச மாத்திரையும் அவர் மேசையிலயே இருக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித் தரச் சொல்லுங்க. மொத்தமாத்தான் தருவாங்கன்னா அட்டை நண்பர்கிட்ட இருக்கட்டும், அன்னன்னிக்கு ஒரு மாத்திரையை அட்டையோட கத்தரிச்சுக் கொடுங்க. கத்தரிக்கும்போது மாத்திரைப் பேரும் காலாவதித் தேதியும் இருக்கற ஓரத்தைக் கடைசி வரைக்கும் விட்டு வைங்க.

மனநலச்சமூகப்பணி | 28.9.2025

மனசு கொஞ்சம் தெளிவா இருக்கற ஒரு பகல்ல, நோட்டோட கடைசிப் பக்கத்துல ஆறு வரி எழுத வைங்க. ஸ்டான்லி, பிரவுன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம் இது. முதல் வரி, சாகணும்ங்கிற எண்ணம் அலை மாதிரி வரப்போகுதுன்னு காட்டற அடையாளம். "கவலை"ன்னு எழுதினா பயனில்லை. "போனைத் திருப்பி வச்சிட்டுச் சுவரைப் பாத்துப் படுத்திருக்கேன்"னு எழுதணும். ரெண்டாவது, தனியா செய்யக்கூடியது: குளிக்கறது, மைதானத்தை மூணு சுத்து. மூணாவது, பிரச்சனையைப் பேசாமலே கூட இருக்கக்கூடிய ஆளும் இடமும், டீக்கடை பெஞ்ச் மாதிரி. நாலாவது, மனசு விட்டுக் கேட்கக்கூடிய ரெண்டு பேர், எண்ணோட. அஞ்சாவது, 14416, ஓ.பி. நாட்கள், ராத்திரி போற மருத்துவமனை. ஆறாவது, அறையில எதை அப்புறப்படுத்தணும், யார்கிட்ட இருக்கணும்.

அவர் கையெழுத்துலதான் இருக்கணும். நீங்க அழகா டைப் பண்ணிக் கொடுத்தா அது உங்க திட்டம். அலை வந்தா உச்சத்துல நிக்கறது குறைஞ்ச நேரம்தான், அதைக் கடந்துட்டா தணியும். அந்த நேரத்தைத் தாண்டத்தான் இந்தத் தாள்.

திடீர்னு அமைதியாகி, பொருளையெல்லாம் எடுத்துக் கொடுத்து, கடனைத் தீர்த்தா "சரியாயிட்டான்"னு விட்டுடாதீங்க. அன்னிக்குத்தான் அந்த நாலு கேள்வியை மறுபடி கேட்கணும். அரியர் ரிசல்ட் வர்ற நாளும், வார்டுலேருந்து டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களும் அப்படித்தான்.

கருப்புக்கோட்டு | 4.10.2025

கவுன்சலர் வாரம் இரண்டு நாள்தான் என்று முதல் பதிவில் இருந்தது. 2025 ஜூலை 25-இல் சுக்தேவ் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். 100 மாணவரோ அதற்கு மேலோ இருந்தால் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவராவது வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்கள் விடுதி, வகுப்பறை, இணையதளத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி. 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அந்த எண்ணிக்கையை முன்னால் வைத்துக்கொண்டுதான் நீதிமன்றம் பேசியது. மனுவில் குறை சொல்லாமல், "இந்த நெறிமுறைப்படி விடுதியில் இன்னின்னது செய்து தர வேண்டுகிறோம்" என்று மாணவர்கள் சேர்ந்து கொடுங்கள். தனிப்பட்ட யாருடைய கதையும் அதில் வர வேண்டாம்.

மனநலச்சமூகப்பணி | 16.10.2025

தீபாவளி விடுமுறைக்கு விடுதி காலியாகுது. மூணு விஷயம். லீவு முடியறவரைக்குமான மாத்திரை இருக்கான்னு பாருங்க, பண்டிகை நாள்ல ஓ.பி. இருக்காது. வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும். அப்பாதான்னு இல்லை, அக்கா, சித்தி, மாமா யாரா இருந்தாலும் சரி. நேர்ல சொல்றதுக்கு முன்னாடி போன்ல இவ்வளவு போதும்: "எனக்கு மனச்சோர்வுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். மாத்திரை சாப்பிடறேன், குணமாகும். வீட்டுக்கு வந்தப்புறம் பேசறேன், இப்ப திட்டாதீங்க."

வீட்ல "கோயிலுக்குப் போய் வரலாம்"பாங்க. போகட்டும். அதுல சண்டை போட வேண்டாம், மாத்திரையை நிறுத்தச் சொன்னா மட்டும் மறுக்கணும். ஏர்வாடி தர்காவிலேயே வேண்டுதலும் மருந்தும் சேர்ந்து நடக்கற அரசுத் திட்டம் இருக்கு. அதைச் சொன்னா பெரியவங்க பல பேர் ஒத்துக்கறாங்க.

மூணாம்வருஷம் | 9.11.2025

லீவுக்கு அவன் அக்காகிட்ட சொல்லிட்டான். மாத்திரை தொடருது, வகுப்புக்கு வர்றான். நாங்க மனு கொடுத்தோம், 14416 அறிவிப்புப் பலகையில ஏறியிருக்கு. ஏ4 தாள்.

பழையவார்டன் | 10.11.2025

பலகையில் இருக்கட்டும். ஆனால் நாலு பேர் பார்க்க அதன் முன் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள யாரும் துணிய மாட்டார்கள். குளியலறைக் கதவுகளின் உட்பக்கம், கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஈரம் படும், அதனால் லேமினேட் செய்துவிட்டு ஒட்டுங்கள். எண்ணுக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: "தமிழில் பேசலாம். நண்பருக்காகவும் கூப்பிடலாம்."